காவிப் பாயில் ஒரு கிழிசல்

காயல் நடுவே ஒரு மணல்திட்டு. அங்கே குடில் போட்டு வாழ்ந்த செங்கமலத்தம்மைக்கு ஒரே ஒரு சீடர். பெயர் மாசிலாமணி. வயதில் அம்மையைவிட மூத்தவர். துறவுக்கு வருமுன் தையல்கடை நடத்தியவர்.

கரைக்குப் போய்வர ஒரு பாய்மரப் படகு இருந்தது. மாசிலாமணி அதன் பாயைக் காயப்போட இழுத்தபோது, தாழைமுள்ளில் மாட்டிச் சர்ரென்று கிழிந்தது. அவர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ‘கிளம்புங்க’ என்று அம்மை சொல்லிவிட்டால்? விட்டுவந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு திரும்புவது?

அம்மை தியானத்தில் இருந்தார். மாசிலாமணி ஓசையில்லாமல் நூல்பெட்டியைத் திறந்தார். வெயிலில் வெளுத்த காவிப் பாய். ஒவ்வொரு நூல்கண்டிலிருந்தும் ஓர் இழை உருவி அதன்மேல் வைத்துப் பார்த்தார். ஒன்று சிவந்து தெரிந்தது. ஒன்று மஞ்சளடித்தது. கண்டாக இருக்கையில் சற்றே கறுத்துத் தெரிந்த ஒன்று, ஒற்றை இழையாக வைத்ததும் பாயோடு பாயாக மறைந்துபோனது.

பொடித் தையலாகப் போட்டு முடித்தார். தள்ளி நின்று பார்த்தார். தைத்தவருக்கே தெரியவில்லை.

அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் அரிசி வாங்க இருவரும் படகேறினார்கள். பாதிக் காயல் தாண்டியிருப்பார்கள், மேற்கே வானம் இருண்டது. காற்று அறைந்தது. படகு ஒருபக்கம் சாய்ந்து தண்ணீரை அள்ளியது.

சுக்கானைப் பிடித்திருந்த அம்மை கேட்டார்.

"பாய்ல பழுது ஏதாவது இருக்கா?"

மாசிலாமணி பாயைப் பார்க்காமலே சொன்னார். "இல்லம்மா."

பாயில் எங்கோ நூல் தெறித்தது. பட். மறுபடியும் பட்.

"இருக்கும்மா! நேத்து நான்தான் கிழிச்சேன். தைச்சுட்டேன்."

"எந்த இடம்? கீழ்ப்பக்கம்னா அதை மட்டும் சுருட்டிக் கட்டிட்டு ஓட்டிடலாம். சீக்கிரம் சொல்லுங்க."

மாசிலாமணி பார்த்தார். மேலும் கீழும் ஒரே காவி. தடவிப் பார்க்கக் கையை நீட்டினார். படபடத்த பாய் கையைத் தட்டிவிட்டது.

"தெரியலையேம்மா... எனக்கே தெரியலையே!"

அம்மை கயிற்றை அவிழ்த்துப் பாயை முழுசாக இறக்கினார். அலை இழுத்த பக்கமெல்லாம் படகு சுழன்றது. முழங்கால்வரை தண்ணீர். மாசிலாமணி சொம்பால் இறைத்துக்கொண்டே இருந்தார். பல் தந்தியடித்தது. செத்தோம் என்றே நினைத்தார். எங்கெங்கோ அலைக்கழிந்து, கடைசியில் படகு ஒரு கோரைப்புதரில் செருகி நின்றது.

மழை விட்டதும் கழி ஊன்றித் திட்டுக்குத் திரும்பினார்கள். அம்மை பாயை மணலில் விரித்தார். தையல் பாதி விட்டிருந்தது. மாசிலாமணி பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னை அனுப்பிடுவீங்களாம்மா?"

"அனுப்பிட்டா பாயை யார் தைக்கிறது?"

மாசிலாமணி ஊசியை எடுத்தார். நூல்பெட்டியைத் திறந்தவர் தயங்கினார்.

"எந்த நிறம் போடட்டும்?"

"நடுக்காயல்ல தேடினீங்களே, அப்ப எந்த நிறம் உங்க கண்ணுல பட்டிருக்கும்? அதைப் போடுங்க."