மிகவும் மனநிறைவு

கேள்வி கேட்டே பிழைத்துவந்த குரு ஒருவர் திண்டுக்கல்லில் இருந்தார். பெயர் நாச்சம்மை. காவியும் கட்டவில்லை, தாடிக்கும் வழியில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில், கம்பெனிகளுக்காக மக்களிடம் கருத்துக் கேட்டுச் சொல்லும் சிறிய அலுவலகம் நடத்திவந்தார். குரு என்று பட்டம் கட்டியது அங்கே வேலை பார்த்தவர்கள்தான். கிண்டலாகத் தொடங்கியது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

சீடர் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருதயராஜ். கல்லூரியில் புள்ளியியல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்து சேர்ந்தார். காகிதத்தில் கருத்துக் கேட்பதென்றால் அவரை மிஞ்ச ஆளில்லை. போனுக்குப் படிவம் அனுப்பிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

வேலை ஒரு நூற்பாலைக்கு. ஆலைப் பேருந்து இதுவரை ஊருக்குள்ளேயே வந்து பெண்களை ஏற்றி இறக்கியது. டீசல் மிச்சமாகும் என்று இப்போது நாற்கரச் சாலையிலேயே நிறுத்திப் பார்த்தார்கள். லாரிகள் பறக்கும் அந்தச் சாலையைக் கடந்துதான் பெண்கள் வண்டி பிடிக்க வேண்டும். அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள், பிடித்திருந்தால் நிரந்தரமாக்கிவிடுகிறோம் என்றார் ஆலை மேலாளர்.

இருதயராஜ் கண்ணும் கருத்துமாகப் படிவம் தயாரித்தார். அலுவலகத்தின் பெரிய கணினித் திரையில் அட்டவணை போட்டார். இடப்பக்கம் வரிசையாகக் கேள்விகள். மேலே ‘மிகவும் மனநிறைவு’ தொடங்கி ‘சிறிதும் மனநிறைவில்லை’ வரை ஐந்து கட்டங்கள். யாரும் எதையும் விட்டுவிட்டுப் போகாதபடி எல்லாக் கேள்விக்கும் பதிலைக் கட்டாயமாக்கினார். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. லிங்க் பெண்களின் போனுக்குப் போயிற்று. பதில்கள் வந்து குவிந்தன.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

“மேடம், கிட்டத்தட்ட எல்லாருமே ‘மிகவும் மனநிறைவு’ன்னு போட்டிருக்காங்க. சாயங்காலமே ரிப்போர்ட்ட அனுப்பிடலாம்.”

நாச்சம்மை திரையைப் பார்த்தார். “ஒருத்தர்கூட குறை சொல்லலையா சார்?”

“ரெண்டு மூணு பேரு வெறும் ‘மனநிறைவு’ன்னு போட்டிருக்காங்க.”

“உங்க வீட்டுச் சாப்பாட்டுக்குக்கூட நீங்க இவ்வளவு மார்க் போட மாட்டீங்களே.”

இருதயராஜுக்குச் சுருக்கென்றது. “ஜனங்க நல்லா இருக்குன்னு சொன்னா நம்பக் கூடாதா மேடம்? கெட்டதச் சொன்னாத்தான் நம்புவீங்களா?”

நாச்சம்மை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “வாங்க சார், செம்பட்டி வரைக்கும் போயிட்டு வருவோம்.”

டவுன் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது, அதுவும் பாதிக் காலுக்கு. மறுபாதிக் காலின் மேல் யாருடைய வெங்காய மூட்டையோ இருந்தது. இருதயராஜ் ஒரு கையால் மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் நாச்சம்மை தன் போனைத் திணித்தார். திரையில் இருதயராஜ் தயாரித்த படிவம்.

“இந்த பஸ்ஸ நெனச்சுக்கிட்டு நீங்களே பதில் போடுங்க சார்.”

முதல் கேள்வி, பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது பற்றி. இதற்கென்ன யோசனை என்று கடைசிக் கட்டத்தைத் தேடினார். காணவில்லை. திரையில் தெரிந்தது ஒரு கட்டமும் அடுத்ததில் பாதியும்தான். கட்டைவிரலால் பக்கவாட்டில் இழுத்தார். டிரைவர் பிரேக் போட, விரல் வழுக்கி, படிவம் முதல் பக்கத்துக்கே திரும்பிவிட்டது. திரும்பவும் வந்து இழுத்தார். அதே கதை. பதில் போடாமல் தாண்டவும் முடியவில்லை, கட்டாயம் என்று சிவப்பில் மிரட்டியது. எரிச்சலில் கண்ணில் பட்ட முதல் கட்டத்தையே வரிசையாக அமுக்கிக்கொண்டு போனார். படிவம் அவருக்கு நன்றி சொன்னது.

“முடிச்சிட்டீங்களா? உக்கார எடம் எப்படின்னு போட்டீங்க?”

வெங்காய மூட்டை இன்னும் காலின் மேல்தான் இருந்தது.

“மிகவும் மனநிறைவு,” என்றார் இருதயராஜ்.

அவமானமாக இருந்தது. அவமானத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அந்த ரிப்போர்ட் மட்டும் சாயங்காலம் போயிருந்தால் அத்தனை பெண்களையும் தினமும் லாரிகளுக்கு நடுவே நடக்கவிட்ட புண்ணியம் தன்னைத்தான் சேர்ந்திருக்கும்.

செம்பட்டியில் இறங்கியதும் அவரே மேலாளருக்குப் போன் போட்டார். “சார், இன்னைக்கு ரிப்போர்ட் வராது. கேட்ட விதம் தப்பு, தப்பு என்னோடது. தயவுசெஞ்சு முடிவு எதுவும் எடுத்துடாதீங்க.” அந்தப் பக்கத்திலிருந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் ஒரு வாரம் தவணை கிடைத்தது.

டீக்கடையில் உட்கார்ந்தார்கள்.

“கட்டத்தச் சின்னதாக்கி அஞ்சையும் உள்ள அடக்கிடட்டுமா மேடம்?”

“விரலும் சின்னதாகுமா சார்?”

“அப்ப ஒரு திரைக்கு ஒரு கேள்வி, பதில் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. ஆனா கேள்வி நெறைய இருக்கே. திரை திரையா யாரு தள்ளிக்கிட்டே இருப்பா?”

“ஆலை வண்டி கெளம்பப் போகுது. ஒரு பொண்ணு படியில கால வச்சிட்டா. அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்க நேரமிருக்கு. என்ன கேப்பீங்க?”

“ரோட்டக் கடக்கப் பயமா இருக்காம்மான்னு கேப்பேன்.”

“அது படிவத்துல எங்க இருக்கு?”

இருதயராஜ் டீயைக் கீழே வைத்தார். படிவத்தில் இருந்தது ‘புதிய நிறுத்தத்தின் அமைவிடம் குறித்த மனநிறைவு’. பயம் என்ற பேச்சே அதில் இல்லை.

புதுப் படிவத்தில் மூன்றே கேள்விகள் வைத்தார். அலுவலக மாடிப்படியில் ஏறி இறங்கியபடி ஒரு கையாலேயே பதில் போட்டுப் பார்த்தார். எழுதச் சிரமப்படுகிறவர்கள் பேசி அனுப்பவும் ஓர் இடம் விட்டார். பிறகுதான் லிங்க்கை அனுப்பினார்.

இந்தத் தடவை வந்த பதில்களில் பெரும்பாலானவை பயம் என்றே சொல்லின. ஒரு பெண் பேசி அனுப்பியிருந்தாள்: “ரோட்டத் தாண்டும்போது பக்கத்து வீட்டு அக்கா கையப் புடிச்சுக்குவேங்க. அக்கா லீவுன்னா நானும் லீவுதான்.” கேட்டதும் இருதயராஜ் அதை அப்படியே மேலாளருக்கு அனுப்பினார். திங்கட்கிழமை முதல் வண்டி பழையபடி ஊருக்குள் போகும் என்று பதில் வந்தது.

அன்று மாலை அவர் நாச்சம்மையின் மேசை முன்னால் வந்து நின்றார்.

“பழைய பதிலையெல்லாம் அழிச்சிடறேன் மேடம். அத்தனையும் பொய்.”

“பொய்யில்ல சார். இருக்கட்டும். மேல இருக்கிற கேள்வியத்தான் மாத்தணும்.”

“என்னன்னு மாத்த?”

“‘எங்க படிவம் உங்க போன்ல எது வரைக்கும் தெரிஞ்சுது?’ன்னு போடுங்க. அதுக்கு ஒருத்தர் விடாம உண்மையத்தான் சொல்லியிருக்காங்க.”