பூலாங்கிழங்கு பூசிய குட்டி

மலைச்சரிவில், வெயில் தரையைத் தொடாத மழைக்காட்டில், கூரி என்றொரு சருகுமான் இருந்தது. சருகுமான் முயலைவிடச் சற்றே பெரிசு, அவ்வளவுதான். கொம்பும் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஓடி ஒளிவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வித்தை. கூரிக்குப் பிறந்து பத்து நாளே ஆன ஒரு குட்டி. அதன் பெயர் பொட்டு.

குட்டி போட்ட சருகுமான் அதை நக்கி நக்கித் துடைத்துவிடும். உடம்பில் வாடை துளியும் மிஞ்சாது. பிறகு மரப்பொந்தில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். பக்கத்தில் புலியே நடந்துபோனாலும் குட்டி இருப்பது தெரியாது.

அந்த வாரம் இரண்டு செந்நாய்கள் காட்டுக்குள் வந்திருந்தன. பயத்தில் கூரி உதிர்ந்த பழத்தைக்கூடத் தொடவில்லை.

அந்த வழியாகப் புனுகுப்பூனை வந்தது. வாசனை விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று, மரத்துக்கு மரம் புனுகைத் தடவிக்கொண்டு திரிகிற பிராணி அது.

"என்ன தங்கச்சி, முகம் வாடிக் கெடக்கு?"

"செந்நாய் வந்திருக்கு அண்ணாச்சி. குட்டியை மோப்பம் புடிச்சிருமோன்னு பயமா இருக்கு."

"இதுக்கா இவ்வளவு கவலை? ஒரு வாசனையை இன்னொரு வாசனையாலதான் மூடணும். ஓடைக்கரையில பூலாங்கிழங்கு வெளஞ்சு கெடக்கு பாரு. வாசனைத் தைலத்துக்கும் குளியல்பொடிக்கும் மனுசங்க அதைத்தான் தேடி வாராங்க. தோண்டி, நசுக்கி, குட்டிமேல பூசு. எந்த நாய்க்கும் குட்டி வாடை தெரியாது."

பூனை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன்னைப்போல் பிறரை நினை என்பார்கள். அது அப்படியே நினைத்துவிட்டது. தனக்கு வீச்சம் உண்டென்றால் ஊருக்கெல்லாம் உண்டு என்பது அதன் எண்ணம்.

'என் குட்டிக்கு வாடையே கிடையாதே' என்று சொல்லத்தான் கூரி வாயெடுத்தது. 'ஒருவேளை இருந்துவிட்டால்?' என்றது பயந்த மனசு. நேரே ஓடைக்கரைக்குப் போனது.

கூரி குளம்பால் கிழங்கைத் தோண்டியது. கல்லில் வைத்து மிதித்து நசுக்கியது. குட்டியைக் கரைக்குக் கூட்டிவந்து, தலைமுதல் வால்வரை பூசியது.

"அம்மா, மூக்கு எரியுது."

"பொறுத்துக்கோ கண்ணு. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

மீதிக் கிழங்கைக் கரையிலேயே போட்டுவிட்டு, குட்டியைப் பொந்தில் படுக்கவைத்து மேயப் போனது. அன்றுதான் அதற்குப் பசியே எடுத்தது. இரண்டு பழம் தின்றிருக்கும், புதருக்கு அப்பால் செந்நாய்களின் பேச்சுக் கேட்டது.

"ஏலே, காட்டுக்குள்ள கல்யாண வீடா? இப்படி மணக்குது!"

"பூலாங்கிழங்கு வாசம்லா அது. ஆனா கிழங்கு வெளையுறது ஓடைக்கரையில. இது அந்த மரப்பொந்துல இருந்துல்லா வருது. கிழங்கு தானா நடந்து போகுமா? வா, யாருன்னு பாப்போம்."

தேடினாலும் கிடைக்காத குட்டியைத் தானே தண்டோரா போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டது. அழ நேரமில்லை. பாய்ந்து ஓடைக்கரைக்குப் போய், கிடந்த கிழங்கின்மேல் விழுந்து புரண்டது. அந்த மணத்தோடு செந்நாய்களின் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடியது.

"அந்தா போகுது, விடாதே!"

குட்டியை விட்டு, நாய்கள் தாயைத் துரத்தின. கூரி வேர்களுக்குள் நுழைந்து, பாறையில் சறுக்கி, கடைசியில் ஓடை மடுவில் குதித்தது. மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிய, தண்ணீருக்குள் அமுங்கிக் கிடந்தது. ஓடும் தண்ணீர் மணத்தை அடித்துக்கொண்டு போனது. நாய்கள் கரையெல்லாம் மோந்து பார்த்துவிட்டு, அந்த மணத்தின் பின்னாலேயே கீழ்க்காட்டுக்கு இறங்கிப் போயின.

வெகுநேரம் கழித்துக் கூரி ஈரம் சொட்டச் சொட்டப் பொந்துக்கு வந்தது. குட்டி படுக்கவைத்த இடத்திலேயே அசையாமல் கிடந்தது.

"நாய் சத்தம் கேட்டுச்சும்மா. நான் மூச்சே விடல."

"நீ சரியாத்தான் இருந்தே கண்ணு. அம்மாதான் பயந்துபோய்ப் புத்தி கெட்டுட்டேன்."

பிறகு குட்டியை நக்க ஆரம்பித்தது. கிழங்கின் கசப்பு நாக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. வாசனை முழுக்கப் போகும்வரை அது நிறுத்தவில்லை.

இல்லாத குறையை மூடப் போகிறவர் இருக்கிற காவலையும் இழப்பார்.