வெங்காயத்துக்குத் தண்ணீர் மாற்றியவள்

தாமிரபரணிக் கரையில் ஒரு கல்லூரி. அங்கே தாவரவியல் சொல்லிக்கொடுக்க சண்முகவடிவு என்று ஓர் ஆசிரியை வந்து சேர்ந்தார். சின்ன வயசு. வாட்ச்மேன்கூட முதல் மாசம் முழுக்க, "ஐடி கார்டு எங்கம்மா?" என்று வாசலில் மறித்திருக்கிறார்.

அவரிடம் கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்குப் பயம். திட்டமாட்டார். ஆனால் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும்.

முதல் வருஷ வகுப்பில் பெனிட்டா என்றொரு பெண். தூத்துக்குடிக்காரி. அப்பா உப்பு லாரி ஓட்டுகிறவர். மகள் டாக்டராக வேண்டும் என்று அவருக்கு ஆசை. மார்க் கொஞ்சத்தில் தப்பிப்போனது. வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

ஒருநாள் மத்தியானம் ஆய்வக வகுப்பு. வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயம் உட்கார்ந்திருக்கும். அடியில் தண்ணீருக்குள் வெள்ளை வேர் தொங்கும். அந்த வேர் நுனியை நறுக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடி ஸ்லைடில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். ஒரு செல் இரண்டாகப் பிரிவதைப் பார்த்து வரைய வேண்டும்.

எல்லாரும் மளமளவென்று வரைந்தார்கள். பெனிட்டா மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

பக்கத்தில் இருந்த இசக்கியம்மாள் விலாவில் இடித்தாள். "ஏட்டி, அதுக்குள்ள என்னத்தத் தேடுத? புஸ்தகத்துல நாலு படம் இருக்கு. பாத்து வரைஞ்சிட்டு வா, டீ குடிக்கப் போவோம்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். எல்லாம் பிரிஞ்சுகிட்டுதான் கிடக்கு."

பெனிட்டா மறுபடி பார்த்தாள். கட்டம் கட்டமாகச் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உருண்டைப் பொட்டு. அவ்வளவுதான். அதையே வரைந்தாள். கீழே எழுதினாள்: 'பிரியும் செல் எதுவும் காணவில்லை.'

இசக்கி அதைச் சத்தமாக வாசித்துவிட்டாள். ஒரே சிரிப்பு. "இவ டாக்டர் ஆகுதது இருக்கட்டும், முதல்ல இவளக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கட்டி" என்றது ஒரு குரல்.

எல்லாரும் போனபிறகு பெனிட்டா ஆசிரியையிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மேடம், நாளைக்கு அப்பா வாராங்க. டிசி வாங்கப் போறோம்."

"அப்படியா?"

"எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. இந்தப் படிப்புல நான் என்ன மேடம் கத்துக்கிடப் போறேன்?"

சண்முகவடிவு அவள் வரைந்ததைப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததையும் பார்த்தார்.

"போறதுக்கு முன்னாடி வெங்காயத்துக்குத் தண்ணி மாத்திட்டுப் போ. காலையில வெள்ளனே வா."

டிசி வாங்கப் போகிறவளுக்கு வெங்காயம் எதற்கு? ஆனாலும் மாற்றினாள்.

காலையில் வந்தபோது ஆய்வகம் திறந்திருந்தது. "வெட்டு" என்றார் ஆசிரியை. பெனிட்டா வேர் நுனியை வெட்டினாள். சாயத்தில் போட்டு விளக்கில் லேசாகக் காட்டினாள். நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டம், பொட்டு. கட்டம், பொட்டு.

"அதேதான் மேடம்."

"ஸ்லைடைத் தள்ளிப் பாரு."

தள்ளினாள். சட்டென்று கை நின்றது. ஒரு கட்டத்துக்குள் பொட்டு இல்லை. சிவப்புச் சிவப்பாக நூல்கள், பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக இழுபட்டு நின்றன. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"மேடம்! பிரியுது! இது வேற வெங்காயமா?"

"நேத்து நீ தண்ணி மாத்தின வெங்காயந்தான்."

"அப்ப நேத்து ஏன் காணலை?"

"இது காலையில நல்லாப் பிரியும். நேத்து நாம வெட்டுனது அது அசந்து கிடந்த நேரம்."

பெனிட்டா யோசித்தாள். "அப்ப இசக்கி பாத்தது?"

ஆசிரியை நேற்றைய தட்டிலிருந்து இசக்கியின் ஸ்லைடை எடுத்து வைத்தார். பெனிட்டா மூலைக்கு மூலை தள்ளித் தேடினாள். கட்டம், பொட்டு. அதைத் தவிர ஒன்றுமே இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாலு படம் வரைஞ்சாளே மேடம்! இதை ஏன் நேத்தே எல்லார்கிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே."

வெயில் ஏறியபோது அப்பா வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். "ஏம்மா, டீச்சர் வரலியா?" என்று சண்முகவடிவிடமே கேட்டார். மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அவங்கதான்ப்பா."

"மன்னிச்சுக்கிடுங்க டீச்சர். டிசியில கையெழுத்துப் போட்டுத் தந்தீங்கன்னா, பிள்ளைய டாக்டர் பரீட்சைக்குக் கோச்சிங்ல விட்டுருவேன்."

"அப்பா, ஒரு நிமிஷம் இதைப் பாருங்களேன்."

அவர் குனிந்து பார்த்தார். "என் இமைமுடிதான் தெரியுது."

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. அசையாம."

ரொம்ப நேரம் பார்த்தார். "செவப்பா என்னமோ ரெண்டாப் பிரியுத மாதிரி இருக்கு." நிமிர்ந்தார். ஆனால் வந்த காரியத்தை மறக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு டீச்சர். இத்தனை மாசத்துல இவ இங்க என்னதான் கத்துக்கிட்டா?"

சண்முகவடிவு நேற்றைய தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "பிரியும் செல் எதுவும்... காணவில்லை." முகம் வாடியது. "காணலைன்னுல்லா எழுதியிருக்கா?"

"ஆமா. நேத்து அதுல ஒண்ணும் கிடையாது. மத்தவங்க எல்லாரும் கண்டதா வரைஞ்சிட்டாங்க. உங்களுக்கு ஒருநாள் நெஞ்சு வலிக்குதுன்னா, இதுல எந்தப் பிள்ளைகிட்ட போய்க் காட்டுவீங்க?"

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார். என்ன நினைத்தாரோ, மடிக்காமல் மகளிடமே கொடுத்தார்.

"நீ என்னம்மா சொல்லுத?"

"டாக்டருக்கும் எழுதிப் பாக்கேன்ப்பா. இங்க இருந்துகிட்டே எழுதுதேன்."

"அப்பம் நான் மட்டும் அடுத்த பஸ்ஸுக்குப் போறேன்" என்று அவர் செருப்பை மாட்டினார்.

அவர் தலை மறைந்ததும் பெனிட்டா மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

"மேடம், இந்த ரெண்டு பக்கத்து நூலும் எதிரும் புதிருமா இழுபடுதே. யாரு இழுக்கா?"

சண்முகவடிவு பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தண்ணி மாத்திட்டுப் போ. காலையில பாப்போம்."