லாரி ஏறாத பால் பாத்திரம்

எங்கள் தியானக் கூடத்துக்கு நாச்சிமுத்து வருகிறார் என்றால், அவருக்கு முன்னால் அவருடைய பெட்டி வந்துவிடும். சக்கரம் வைத்த பெட்டி. மாடிப்படியில் அது தடதடவென்று ஏறுகிற சத்தத்தில், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற எங்களுக்கெல்லாம் கண் திறந்துகொள்ளும். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். மரகதம்மாவுக்கு மட்டும் வராது.

மரகதம்மாதான் எங்கள் குரு. வயதில் நாச்சிமுத்துவைவிட இளையவர். ஆனாலும் நாச்சிமுத்து அவரை "அம்மா" என்பார், அவர் நாச்சிமுத்துவை "அண்ணா" என்பார். திருப்பூரில் இது ஒன்றும் அதிசயமில்லை.

நாச்சிமுத்துவுக்கு நிட்டிங் மெஷின் விற்கிற கம்பெனியில் சர்வீஸ் வேலை. எந்த ஊரில் மெஷின் நின்றாலும் அவர்தான் பறந்து போக வேண்டும். இப்போது கம்பெனி அவரை அகமதாபாத்துக்கே மாற்றிவிட்டது. இங்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும், அங்கே குடியேற வேண்டும். நடுவில் ஊர் ஊராக ஓடுவதும் நின்றபாடில்லை.

அன்று காலை கூடத்தில் மரகதம்மாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். நாச்சிமுத்து பெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, உட்காராமலே கேட்டார்.

"அம்மா, ஒரே நேரத்துல மூணு ஊர்ல இருக்கறது எப்படிங்க?"

"எந்த மூணு ஊருங்க அண்ணா?"

"மூட்டை கட்டறது இங்க. மெஷின் நின்னது லூதியானாவுல. புது வீடு அகமதாபாத்துல. நாயா அலையறேனுங்க. படுத்தா தூக்கம் வர்றதில்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது. மூச்சுப் பயிற்சி ஏதாச்சும் சொல்லிக் குடுங்க. பிளைட்டுல உக்காந்துக்கிட்டே செய்யற மாதிரி இருந்தாத் தேவலைங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரகதம்மா சிரிக்கவில்லை.

"இப்ப எங்கிருந்து வர்றீங்க?"

"சூரத்துல இருந்துங்க. காலைலதான் வந்து எறங்குனேன். மத்தியானம் மறுபடி லூதியானா."

"வீட்டுக்குப் போயிட்டுத்தானே வர்றீங்க?"

நாச்சிமுத்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க. நேரா இங்கதான்."

"வீடு ரெண்டு தெரு தள்ளித்தானுங்களே இருக்குது?"

"இருக்குதுங்க. போனா கோகிலா மூஞ்சியப் பாக்கணுமே."

கோகிலா அவர் மனைவி. பாப்பா என்று கூப்பிடுகிற ஒரு மகளும் உண்டு. மரகதம்மா பாயைக் காட்டினார். நாச்சிமுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு எல்லாம் தானாக வந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம புது வீட்ல பால் காய்ச்சறதுக்கு நாள் குறிச்சாச்சுங்க. கோகிலாவே போயி சோசியரைப் பாத்துட்டு வந்தா. அன்னிக்குன்னு பாத்து லூதியானாவுல வேலை. நான் என்னங்க பண்றது? 'நீயும் பாப்பாவும் முன்னால போயிக் காய்ச்சிருங்க, நான் வீடியோ கால்ல வந்தர்றேன்'னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'ஏனுங்க, பாசை தெரியாத ஊரு. அந்தக் கதவைத் தொறந்துக்கிட்டு நானும் பாப்பாவும் மட்டுமா உள்ள போகணும்?'னு கேட்டா."

"நீங்க?"

"'அங்க டவர் நல்லாக் கெடைக்குது, படம் தெளிவா வரும்'னு சொன்னேனுங்க."

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"அப்புறம் பேசவே இல்லைங்க அம்மா. லாரிக்குக் கட்டி வெச்சிருந்த மூட்டைல ஒண்ணைப் பிரிச்சா. பால் காய்ச்சறதுக்குன்னு புதுசா வாங்குன பாத்திரத்தை மட்டும் வெளிய எடுத்தா. கொண்டுபோயி இந்த வீட்டு அலமாரியிலயே வெச்சுட்டா. நாளைக்கு லாரி வருது. பாத்திரம் இன்னும் அங்கயேதான் இருக்குதுன்னு பாப்பா மெசேஜ் போட்டிருக்கறா." போனை எடுத்து அந்த மெசேஜைக் காட்டினார். "அவ வர மாட்டாளுங்க. எனக்குத் தெரியும். நான் மட்டும் அந்த ஊருக்குப் போயி யாருக்குங்க சம்பாரிக்கறது?"

மரகதம்மா எழுந்தார்.

"காப்பி குடிக்கலாமுங்க. அடுப்புல பால் வெக்கறேன். சித்த பாத்துக்குங்க. நான் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தர்றேன்."

கூடத்தை ஒட்டினாற்போல் சின்னச் சமையலறை. நாச்சிமுத்து அடுப்பின் முன்னால் போய் நின்றார். நின்ற உடனே போன் அடித்தது. போன் வந்தால் நடந்துகொண்டே பேசுகிற ரகம் அவர். கூடத்தைச் சுற்றினார், வாசலுக்குப் போனார், பாதிப் படி இறங்கி இந்தியில் சத்தம் போட்டார். தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் ஓடி வந்தார். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, மேடையெல்லாம் வழிந்திருந்தது.

"அய்யய்யோ! மன்னிச்சுக்குங்க அம்மா!"

நான் துடைக்க எழுந்தேன். மரகதம்மா கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னார். கையில் இருந்த பூவாளியை வைத்துவிட்டு, ஒரு துணியை எடுத்து நாச்சிமுத்துவிடம் நீட்டினார். அவர் மேடையைத் துடைத்தார். மரகதம்மா பாத்திரத்தைக் கழுவி, மீதியிருந்த பாலை ஊற்றி, மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார்.

"சித்த பாத்துக்குங்க அண்ணா."

இந்த முறை நாச்சிமுத்து அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. காலைப் பரப்பி, காவல்காரர் மாதிரி நின்றார். சட்டைப் பையில் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தார். பதில் அடிக்க ஆரம்பித்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. பாலில் ஆடை உப்பி மேலே வந்தது. அவர் முகம் அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. கட்டைவிரல் மட்டும் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. கத்தலாமா என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் புஸ்ஸென்று பொங்கி வழிந்து, மேடையிலிருந்து கீழே கொட்டி, கால் விரலில் சுட்ட பிறகுதான் மனுஷர் குதித்தார்.

"பக்கத்துலயேதானுங்க நின்னேன்!" என்றார், பால்மேல் தப்பு இருப்பதுபோல.

மரகதம்மா மறுபடி துணியை நீட்டினார்.

நாச்சிமுத்து தரையில் முட்டி போட்டுத் துடைத்தார். காது மடல் சிவந்திருந்தது. சமாளிப்பதற்காகச் சிரித்தார்.

"பால் பொங்குனா நல்ல சகுனந்தானுங்களே அம்மா? புது வீட்ல பொங்கட்டும்னுதானே எல்லாருஞ் சுத்தி நின்னு பாக்கறோம்?"

"ஆமாங்க."

"இதுவும் அதே பால்தானுங்களே?"

"அதே பால்தானுங்க. அப்புறம் எதுக்குங்க அண்ணா துணியோட உக்காந்திருக்கறீங்க?"

நாச்சிமுத்துவின் கை நின்றுவிட்டது. துணியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். துடைப்பதை முடித்துவிட்டுத் துணியைத் தானே அலசிப் பிழிந்து காயப்போட்டார்.

பால் தீர்ந்துபோய்விட்டது. மூன்று பேரும் வரக்காப்பி குடித்தோம். சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தார் மரகதம்மா. பாதி குடிப்பதற்குள் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் மறுபடி நடுங்கியது. லூதியானா. நாச்சிமுத்துவின் கை போனது, பாதியில் நின்றது. போன் அடித்து ஓய்ந்தது.

"நான் போகலைன்னா மெஷின் நின்னுக்கிட்டே இருக்குமுங்க அம்மா," என்றார் மெதுவாக.

"திங்கக்கெழம போனீங்கன்னா?"

"அப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கும்."

"செவ்வாக்கெழம போனீங்கன்னா?"

"அது எங்கீங்க போவுது? நான் போற வரைக்கும் அங்கயேதான்..."

முடிக்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் காயப்போட்ட துணி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, பாவமாக இருந்தது.

பிறகு போனை எடுத்தார். இந்தத் தடவை நடக்கவில்லை. உட்கார்ந்தபடியே மேனேஜரைக் கூப்பிட்டார்.

"சார், நான் லூதியானாவுக்குத் திங்கக்கெழம போறேனுங்க. இல்லீங்க சார். இன்னிக்கு முடியாதுங்க. நாளைக்கும் முடியாதுங்க. ஞாயித்துக்கெழம எங்க வீட்ல பால் காய்ச்சறோம். நான் அங்க நிக்கணும்."

அந்தப் பக்கம் கத்துகிற சத்தம் எனக்கே கேட்டது. நாச்சிமுத்து "என்ன வேணா பண்ணிக்குங்க சார்," என்று சொல்லி போனை வைத்தார். வைத்ததும் ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், கேட்டு வந்த பயிற்சி அதுதானோ என்று நினைத்துக்கொண்டேன்.

"சொல்லிப்போட்டேனுங்க அம்மா!" என்றார். சின்னப் பையன் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வேறு. "பிளைட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். லாரி வரும்போது நானும் அங்க நிக்கறேன். அந்தப் பாத்திரத்தை நானே கட்டி எடுத்துக்கறேன்."

மரகதம்மா தலையசைத்தார்.

"இருங்க, கோகிலாவுக்கும் இப்பவே ஒரு போனைப் போட்டுச் சொல்லிர்றேனுங்க." அவர் விரல் அதற்குள் நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டது.

மரகதம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"போன்லயா அண்ணா?"