கப்பலுக்கு ஆள் பிடித்த குற்றாலிங்கம்

தூத்துக்குடியில் ஒரு குரு இருந்தார். காவி, கமண்டலம் ஒன்றும் கிடையாது. பெண்தான்; பெயர் ஜோஸ்பின் மோத்தா. வாலிபம் முழுக்கச் சரக்குக் கப்பலில் கழித்து, கேப்டனாகி, பிறகு கரையேறி, ஒரு கடல் பயிற்சிப் பள்ளிக்கு முதல்வராக இருந்தார்.

அவருடைய சீடர் குற்றாலிங்கம், குருவைவிட வயதில் மூத்தவர். ஆகையால் குரு சீடரை அண்ணாச்சி என்று அழைப்பார். சீடர் குருவைக் கேப்டன் என்பார்.

குற்றாலிங்கம் முன்பு வீட்டுமனை விற்றவர். முள்ளுக்காட்டைக் காட்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷம் என்று கூசாமல் சொல்லக்கூடியவர். பள்ளிக்கு மாணவர்களைப் பிடித்து வர இவரைவிடத் தோதான ஆள் கிடையாது என்று பள்ளியின் முதலாளி நினைத்து வேலைக்கு வைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மாணவர்கள் வரவில்லை. ஜூன் மாதத்துக்குள் வகுப்பு நிறையாவிட்டால் கட்டடத்தைக் கல்யாண மண்டபமாக மாற்றிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். வெறும் மிரட்டலும் இல்லை. ஒரு மேஸ்திரி வந்து, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, பந்தி எங்கே போடலாம் என்று டேப் பிடித்து அளந்தார். கேப்டன் சாக்பீஸைக் கையில் வைத்தபடி அவர் அளந்து முடிக்கும்வரை நின்றார்.

அன்றைக்குக் குற்றாலிங்கம் கேட்டார். "கேப்டன், பிள்ளைகளைக் கடலுக்கு வரவைக்க என்ன சொல்லணும்?"

"இப்ப என்ன சொல்லுதீங்க?"

வாயால் சொல்வதைவிட நேரில் காட்டுவதே மேல் என்று, மறுநாள் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குக் கேப்டனையும் கூட்டிக்கொண்டு போனார். திரையில் படம் ஓடியது. டால்பின் குதித்தது. சூரியன் மறைந்தது. வெள்ளை யூனிஃபார்ம் போட்ட ஒருவர் ரெயிலிங்கில் சாய்ந்து சும்மா சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வெளிநாட்டுக் கோபுரம் வந்தது.

கப்பலிலிருந்து இறங்கினால் அந்தக் கோபுரம் எவ்வளவு தூரம் என்று ஒரு பையன் எழுந்து கேட்டான்.

"பத்து நிமிஷம்" என்றார் குற்றாலிங்கம். வாய்ப் பழக்கம்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. தலைமையாசிரியை மட்டும் வந்து, அறிவியல் கண்காட்சிக்கு அந்த டால்பின் படம் கிடைக்குமா என்று கேட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேப்டன், "வெள்ளிக்கிழமை ஒரு பையை எடுத்துக்கிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார்.

நிலக்கரி இறக்கிவிட்டு, அரிசி ஏற்றக் காக்கிநாடாவுக்குக் கிளம்பிய ஒரு கப்பலில் கேப்டனுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். முறைப்படி அனுமதி வாங்கி, சீடரை அதில் ஏற்றிவிட்டார். குற்றாலிங்கம் புதுச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக வந்தார். முதலில் எதைச் சுற்றிப் பார்க்கலாம் என்று கப்பல்காரர்களிடம் கேட்டார். அவர்கள் மரியாதையாகச் சரக்கு அறையைக் காட்டினார்கள்.

போனவர் ரயிலில் திரும்பினார். கூலிங் கிளாஸ் கடலோடு போயிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். படுத்தால் கட்டில் உருட்டுகிறது. நமக்கு ஊற்றிய சாம்பார் பக்கத்து ஆள் தட்டுக்குப் போய்விடுகிறது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. இலங்கையைச் சுற்றும்வரை வாந்தி, சுற்றிய பிறகும் வாந்தி. மனைவி ரசம் வைத்துக் கொடுத்தாள். அதைக் குடித்துத் தெம்பாகி, மேற்கொண்டு திட்டினார்.

எல்லாவற்றையும்விட அவருக்கு ஆறாதது அந்தச் சரக்கு அறைதான். நாலு மாடி உயரம், சுவரெல்லாம் கரித்தூள். அதே அறையில் அரிசி ஏற்ற வேண்டுமென்றால் மொத்தமும் கழுவியாக வேண்டும். காக்கிநாடாவில் ஒரு ஆய்வாளர் ஏறி, வெள்ளைத் துணியால் சுவரைத் துடைத்துப் பார்ப்பார். துணி கறுத்தால் அரிசி ஏறாது. கப்பல் ஏற்றாமல் அப்படியே நிற்க வேண்டியதுதான். அந்தக் கழுவுகிற கூட்டத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்பிள்ளையும் இருந்தது. கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. ஆய்வாளர் எங்கெங்கோ துடைத்துவிட்டு, கடைசியில் அந்தப் பிள்ளை கழுவிய மூலைக்கு வந்தார். மாலுமிகள், அதிகாரிகள், மேலேயிருந்து எட்டிப் பார்த்த சமையல்காரர்வரை எல்லோரும் மூச்சு விடாமல் அந்தத் துணியையே பார்த்தார்கள். துணி வெள்ளையாகவே வந்தது. சமையல்காரர் விசில் அடித்தார்.

"ஒரு மூலைய விட்டிருந்தா அம்புட்டுப் பெரிய கப்பலே நின்னுருக்கும். சின்னப் பிள்ள தலையில இம்புட்டு பாரமா? இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்றார் குற்றாலிங்கம்.

வேறு வேலை பாருங்கள் என்றாள் மனைவி. ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகள் வடிவு சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் சோறு இருந்தது. பிசைந்த கை காய்ந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை கேப்டன் கேட்டார். "பாத்ததை இனிமே பிள்ளைகள்கிட்டச் சொல்லுவீங்களா அண்ணாச்சி?"

"அதைச் சொன்னா எவன் வருவான் கேப்டன்?"

கேப்டன் வற்புறுத்தவில்லை. டால்பின் மறுபடியும் ஊர் ஊராகக் குதித்தது. மேஸ்திரி மறுபடியும் வந்து, மணமேடைக்கு இடம் பார்த்துச் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போனார்.

ஒரு நாள் மதியம் வாட்ச்மேன் ஓடி வந்தார். சேர்வதற்கு ஒரு ஆள் தானாகவே வந்து, கேப்டன் அறையில் உட்கார்ந்திருக்கிறதாம். குற்றாலிங்கத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டீ சொல்லிவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு, நல்வரவு சொல்லும் முகத்தோடு உள்ளே போனார்.

உள்ளே வடிவு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பாடு கொண்டாந்தியாம்மா?" என்றார்.

"இல்லப்பா. சேர வந்தேன்."

குற்றாலிங்கம் நாற்காலியைப் பார்க்காமலே உட்கார்ந்தார். நல்லவேளை, நாற்காலி அங்கே இருந்தது. கடலைப் பற்றி இவளிடம் ஒரு நல்ல வார்த்தைகூடத் தான் பேசியதில்லை என்று கேப்டனிடம் முறையிட்டார். ஆமாம், பேசியதில்லை என்று வடிவும் சாட்சி சொன்னாள்.

"பிறகு ஏன் வந்த?" என்று கேட்டார் கேப்டன்.

வடிவு கேப்டன் பக்கம் திரும்பினாள். "போன வருசம் காய்ச்சல்ல ரொம்ப நாள் ஸ்கூலுக்குப் போகல மேடம். திரும்பிப் போனா, நான் வராததே பாதிப் பேருக்குத் தெரியல. அந்த அக்கா ஒரு மூலைய விட்டிருந்தா கப்பலே நின்னுருக்கும்னு அப்பா சொன்னாவ. அன்னையிலிருந்து எனக்கு வேற நினைப்பே இல்ல."

குற்றாலிங்கம் தன் திறமை அத்தனையையும் திருப்பிப் போட்டுப் பார்த்தார். புயல் என்றார். அலை என்றார். தீபாவளிக்கு வர முடியாது என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, அலை எவ்வளவு உயரம் என்று விசாரித்தாள். வாழ்நாளில் முதல்முறையாக, அவர் விற்காத ஒன்றை ஒருவர் வாங்க வந்திருந்தார்.

"கேப்டன், இவளத் தடுக்க என்ன சொல்லணும்?"

"டால்பின் படத்தைக் காட்டிப் பாருங்க அண்ணாச்சி."

"அதைப் பாத்துப் பாத்துதான் இத்தனை நாளும் வேண்டாம்னு இருந்தேன்" என்றாள் வடிவு.

கேப்டன் அவளை வகுப்பறையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். சொன்ன டீ வந்தது. குற்றாலிங்கம் குடிக்கவில்லை. மனை விற்ற காலத்திலும் அவர் குரல் இப்படித் தாழ்ந்து யாரும் கேட்டதில்லை.

"ஒத்தப் பிள்ள கேப்டன். தூங்கிட்டான்னா பக்கத்துல இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான். அவ எந்திரிக்கிற வரைக்கும் நான் கதவுகிட்டயே உக்காந்திருப்பேன்."

கேப்டன் டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அங்க நடுக்கடல்ல இவ தூங்கும்போது யாரு முழிச்சிருப்பா?"

"இவளுக்கு அடுத்த முறைக்குக் காவல் நிக்கிற பிள்ள. கப்பலையும் பாத்துக்கிடும், இவளையும் பாத்துக்கிடும்."

"நல்ல பிள்ளதானா கேப்டன்? பொறுப்பா இருக்குமா? யாரு அது?"

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி? நாளைக்கு நீங்க போற பள்ளிக்கூடத்துலதான் இருக்கு. பாத்துக் கூட்டிட்டு வாங்க."