மூடி வைத்த கல்

“கட்டுரையில தீவோட பேரை எழுதக் கூடாதா? அப்புறம் எதுக்கு மேடம் இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று கேட்டான் ஜெபராஜ்.

நடுக்கடலில் ஆளில்லாத தீவு. அங்கே என்னென்ன தவளை, பல்லி, பாம்பு இருக்கின்றன என்று பார்க்க வந்திருந்தார்கள். அவன் புரட்டிய கல்லுக்கடியில், இதுவரை யாரும் கண்டிராத நீலவால் பல்லி ஒன்று இருந்தது. கல்லின் அடிப்புறத்தில் இரண்டு முட்டைகள் ஒட்டியிருந்தன.

பேராசிரியர் வேதவல்லி கல்லைக் கைகாட்டினார்.

“மொதல்ல கல்லை மூடு” என்றார்.

மூடினான். பாசி மேலே இருக்க வேண்டும், கல் அதே பள்ளத்தில் உட்கார வேண்டும். அதில் அவர் கறார்.

தான் கண்டுபிடித்ததால் கிழவிக்குப் பொறாமை என்று ஜெபராஜ் நினைத்தான். நாற்பது வயதாகியும் நிரந்தர வேலை இல்லாதவன் அப்படித்தான் நினைப்பான். அவனைக் குறை சொல்லி என்ன?

ஊர் திரும்பியதும் ஆய்வுக் கட்டுரையில் எழுதிவிட்டான். எந்தத் தீவு, எந்தக் கரை, எந்த ஓடை, எல்லாவற்றையும். குருவைச் சமாதானப்படுத்தப் பல்லிக்கு அவர் பெயரையே வைத்தான்.

போன் செய்து சொன்னபோது, “அது பேரு இல்லாம நல்லாத்தான் இருந்துச்சு” என்று வைத்துவிட்டார்.

அவனுக்கு வேலை கிடைத்தது. பாராட்டு விழாவுக்கு அவர் வரவில்லை.

மறு வருஷம் அவரே கூப்பிட்டார். காரணம் சொல்லவில்லை. இருவரும் மறுபடி கிளம்பினார்கள்.

படகுக்காரர் தாசன் போகிற வழியில் சொன்னார்.

“நடுவுல நாலஞ்சு பேர் வந்தாங்க. கலர் பல்லிக்கு வெளிநாட்டுல கிராக்கியாம். நீங்க எழுதினத கையிலயே வச்சிருந்தாங்க சார். என்கிட்ட வழிகூடக் கேக்கல.”

ஓடைக்கரை முழுக்கக் கற்கள் மல்லாந்து கிடந்தன. ஒட்டியிருந்த முட்டைகள் வெயிலில் காய்ந்து, தொட்டால் சுண்ணாம்பாக உதிர்ந்தன.

ஜெபராஜ் அங்கேயே உட்கார்ந்து அழுதான். மன்னிப்புக் கேட்டான். வேதவல்லி குனிந்து ஒரு கல்லைத் திருப்பி அதன் பள்ளத்தில் வைத்தார். பிறகு அடுத்த கல்லுக்குப் போனார்.

“கீழ ஒண்ணுமே இல்லையே மேடம். யாருக்காக மூடுறீங்க?”

“என் பேரை வச்சியே, அதுக்காக.”

அவனும் எழுந்து கூட வேலை செய்தான்.

பொழுது சாயும் நேரத்தில், வேர்களுக்கு இடையே, வந்தவர்கள் கண்ணில் படாமல் தப்பிய ஒரு கல் கிடைத்தது. பழக்கதோஷத்தில் தூக்கிப் பார்த்தான்.

நீல வால் ஒன்று அசைந்தது.

கூப்பிட வாயைத் திறந்தான். அப்படியே மூடிக்கொண்டான். பாசி மேலே இருக்கும்படி கல்லை மெல்ல இறக்கினான்.

“என்ன அங்க?” என்றார் வேதவல்லி.

“ஒண்ணுமில்ல மேடம்.”

தன் கண்ணால் பார்க்காமல் யார் சொன்னதையும் நம்பாத மனுஷி அவர். அன்று எழுந்து வந்து பார்க்கவில்லை.