டப்பாவுல ஒட்டின தயிர்

"ஒரு கையெழுத்துக்கு எத்தனை நாள் மேடம் உங்க பின்னாடி அலையறது?"

நாச்சியப்பன் போட்ட சத்தத்துல வராண்டாவுல போன நர்ஸம்மா நின்னு திரும்பிப் பாத்துச்சு. நரம்பியல் மேல்படிப்புக்கு வந்த பையன். மூளைய விட நாக்கு வேகம்.

டாக்டர் திலகவதி டிபன் டப்பாவத் தொறந்தாங்க.

"யாருக்கு, என்னன்னு எழுதிருக்க?"

"டிரைவர் அந்தோணிமுத்து. அல்சைமர். முதுகுத்தண்டுல எடுத்த நீர்ல அமிலாய்டு கம்மி. மூளைல அது படியப் படிய நீர்ல கொறையும். நீங்க நடத்துன பாடம்தான் மேடம்!"

"அல்சைமர்ல ஏறுற டௌ புரதம்?"

"நார்மல்."

"ஸ்கேன்?"

"மூளைச் சுருக்கம் இல்ல. அதனால? ஆரம்பமா இருக்கும். மலைப்பாதைல பஸ் ஓட்டுற ஆளு. நாளைக்கு வண்டி கவுந்தா நீங்க வந்து தூக்குவீங்களா?"

"எழுதிட்டா அப்புறம் அவரு ஸ்டியரிங்கத் தொட முடியாதுப்பா."

"நம்பர் பொய் சொல்லுமா மேடம்?"

மேடம் அவன் முன்னாடி ஒரு தட்ட வச்சு, டப்பாவக் கவுத்தாங்க. கெட்டித் தயிர் சொத்துனு விழுந்துச்சு.

"வீட்லேர்ந்து எவ்வளவு தயிர் கொண்டாந்தேன்?"

"இதோ, இவ்வளவுதான். இப்ப எதுக்கு இது..."

டப்பாவ அவன் மூக்குக்கு நேரா நீட்டினாங்க. உள்ள சுத்திலும் வெள்ளையா அப்பியிருந்துச்சு.

டப்பாவ வாங்கி உத்துப் பாத்தான்.

முதுகுல நீர் எடுத்த அன்னிக்கு அதுக்குன்னு இருக்கற டியூப் வார்டுல தீந்துபோச்சு. ஸ்டோர்ல சண்டை போட்டும் வரல. கோவத்துல, கைக்குக் கெடச்ச சாதா டியூப்ல பிடிச்சு அனுப்பிட்டான். அமிலாய்டு அந்த பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும். அதுவும் படிச்ச பாடம்தான்.

தட்ட அப்படியே விட்டுட்டு டிரைவர் கட்டிலுக்கு ஓடினான்.

"தப்பு என்னோடதுண்ணே. இன்னொரு தடவ முதுகுல குத்தணும்."

அவ்வளவு மெதுவா அவன் பேசி அந்த வார்டு கேட்டதில்ல.

"குத்துங்க தம்பி." டிரைவர் திரும்பிப் படுத்துட்டாரு.

இந்தத் தடவ சரியான டியூப். அமிலாய்டு நார்மல். கூடவே ரத்தமும் பாத்தாங்க. மொதல்லயே பாத்திருக்கணும். பி12 வைட்டமின் அடிமட்டத்துல கெடந்துச்சு. அது கொறஞ்சாலும் மறதி வரும்.

"அப்ப இவரு மறதி?" டிரைவர் சம்சாரம் லூர்து நாச்சியப்பன்கிட்ட கேட்டுச்சு.

"ஊசி போட்டாத் தேறும்க்கா. கொஞ்ச நாள் பாத்துட்டு பஸ்ஸையும் எடுக்கலாம்."

லூர்து முந்தானையால மூஞ்சப் பொத்திக்கிட்டு அழுதுச்சு. அழுதுக்கிட்டே புருசன் முதுகுல ஒண்ணு வச்சுச்சு.

"ஏய், ஊசி போட்ட எடம்டி!"

நாச்சியப்பனுக்கு இப்பத்தான் மூச்சு வந்துச்சு. மூச்சு வந்ததும் கோவமும் வந்துருச்சு. நேரா மேடம் ரூம்.

"முன்னாடியே சந்தேகம் இருந்துச்சுல்ல? எத வச்சு மேடம்?"

"ரவுண்ட்ஸ்ல அந்தோணிமுத்து என்னை நிறுத்தினாரு. 'போன வாரம் முதுகுல ஊசி போடறப்ப அந்தத் தம்பிக்குக் கை நடுங்குச்சும்மா. வீட்ல ஏதும் கஷ்டமான்னு கேளுங்க'ன்னாரு. போன வாரத்த இவ்வளவு ஞாபகமாச் சொல்றவருக்கா அல்சைமர்?"